என் சட்டைப் பையில் கிடந்த யோகாவின் கடிதம்

போன கிழமை, உள்துறைமுகத்தில் மா மூட்டைகளோடு சரிந்த பார்ஜ் என்கிற சரக்குப் படகின் கதையைச் சொல்லி முடித்தேன். அதில் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன்களுக்குத்தான் இரண்டு நாள் விருந்து. இந்தக் கிழமை கடலை விட்டுக் கரைக்கு ஏறுகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற தம்பி, "ஐயா, இந்த முறையெண்டாலும் சுத்தி வளைக்காமல் நேரே வாங்கோ" என்று சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

ஒரு விடியற்காலை. கிண்ணியா பஸ்ஸும் மூதூர் பஸ்ஸும் திரும்புகிற முடக்கில் யோகாவின் ரொட்டிக்கடை. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தள்ளுவண்டில், காஸ் அடுப்பு, அதன் மேல் ஒரு இரும்புத் தட்டு, மாவு தட்ட ஒரு பலகை.

நான் நல்ல செய்தியோடு போனேன். முதல் நாள் பின்னேரம் கடைக்காரர் சங்கக் கூட்டத்தில் யோகாவுக்காகப் பேசி வென்று வந்திருந்தேன். ரோட்டோரத்து மதிலுக்குப் பின்னால், வாகை மரத்தின் கீழ், நல்ல நிழலில் அவளுக்கு ஓர் இடம். வாடகையும் கிடையாது.

யோகாவுக்குப் பிறப்பிலிருந்தே காது கேளாது. ஆகவே எல்லாவற்றையும் கையால் காட்டினேன். மதிலைக் காட்டினேன், மரத்தைக் காட்டினேன், நிழலைக் காட்டினேன். நெஞ்சில் தட்டி, இதெல்லாம் செய்தது நான்தான் என்றும் காட்டினேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையில் இருந்த மாவுருண்டையைப் பலகையில் ஓங்கி அறைந்தாள். ரொட்டிக்கு யாரும் அப்படி அடிப்பதில்லை.

அறைந்துவிட்டு என் சட்டைப் பையைச் சுட்டிக் காட்டினாள்.

ஒரு வாய்க்கு ஒரு கை

பையில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன்னால் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பி பெருமூச்சு விடுகிறார். விடட்டும்.

'கைகாட்டிச் செல்லையா' என்றால் இந்தக் கரையில் பழைய ஆட்களுக்கு என்னைத் தெரியும். கப்பலின் மேல்தட்டில் சாமான் ஏற்றி இறக்குகிற பெரிய வாய் ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் நான் நிற்பேன். கீழே, கப்பலின் வயிற்றுக்குள், ஆட்கள் மூட்டைகளை அடுக்குவார்கள். பின்னால் விஞ்சு என்கிற இரும்புப் பூதத்தில் ஒருவர் இருந்து அதைத் தூக்குவார். கீழே நடப்பது அவருக்குத் தெரியாது. என் கை மட்டும்தான் தெரியும். விரலைச் சுற்றினால் தூக்கு. உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்கு. விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அப்படியே நில்.

விஞ்சு போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. எங்கள் கூட்டத்தில் தமிழ் ஆட்கள், முஸ்லிம் ஆட்கள், சிங்கள ஆட்கள் எல்லாரும் இருந்தோம். அந்தச் சத்தத்துக்குள் எல்லாரும் செவிடர்தான். கையாலேயே தேத்தண்ணி கேட்போம், கையாலேயே பகிடி விடுவோம், கையாலேயே தூஷணமும் பேசுவோம். தூஷணத்துக்குத்தான் ஆகக் கூடுதலான கைகள் இருந்தன.

ஆனால் வேலை என்று வந்தால் ஒரு சட்டம். ஒரு வாய்க்கு ஒரு கைதான். இரண்டு பேர் கை காட்டினால் சாமான் யாருடைய தலையிலாவது விழும். கைகாட்டி காட்டினால் காட்டினதுதான். யாரும் திருப்பிக் காட்டக் கூடாது. இருபது வருஷம் அப்படி நின்றவன் நான்.

எனக்கு விஞ்சு பிடித்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் ஆள், நூகு நானா. நானா என்றால் அவர்களுடைய பேச்சில் அண்ணன். அப்போது பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லுகிற மிதவையில் ஏறித்தான் அவர் வேலைக்கு வருவார். முதல் வருஷம் முழுக்க நாங்கள் வாயால் ஒரு சொல் கதைத்ததில்லை. எங்கள் தெருவில் அவருடைய ஆட்களைப் பற்றி ஒரு கதை இருந்தது. அவருடைய ஊரில் எங்கள் ஆட்களைப் பற்றி ஒரு கதை இருந்திருக்கும். அந்தக் கதைகளே எங்களுக்குப் போதுமாயிருந்தன.

ஒரு நாள் நான் ஒன்றும் காட்டாமலே அவர் விஞ்சை நிறுத்தினார். மூட்டைகள் அந்தரத்தில் ஆடுகின்றன. இறங்கி நேரே என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"ஒன்ட கை நடுங்குது. காய்ச்சலா?"

ஓம், காய்ச்சல்தான். வீட்டில் கூட நான் சொல்லியிருக்கவில்லை. நாற்பதடி தூரத்திலிருந்து என் கையில் அதை வாசித்திருக்கிறார். அடுத்த நாள் ஒரு போத்தலில் இஞ்சி போட்ட கொத்தமல்லித் தண்ணி வந்தது. அவருடைய மனைவி அவித்துக் கொடுத்தது.

பிறகு கெட்ட காலம் வந்தது. அந்தக் கதைக்குள் நான் இப்போது போகவில்லை. ஒன்று மட்டும் சொல்லுகிறேன். எங்கள் தெருவில் ஆட்கள் கூடி நின்று அவருடைய ஆட்களைத் திட்டுவார்கள். முன்பென்றால் நானும் சேர்ந்து இரண்டு சொல் சொல்லியிருப்பேன். ஆனால் வாயைத் திறந்தால் அந்தக் கொத்தமல்லி மணம்தான் வந்தது. தெரியாதவனைத் திட்டுவது லேசு. காய்ச்சல் கேட்டவனைத் திட்ட ஏலாது.

மூதூர் வரைக்கும் கேட்ட சம்பல்

யோகா வெருகல் பக்கத்துப் பிள்ளை. வெளியூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள். நன்றாக எழுத வாசிக்கத் தெரியும். புருஷன் சீனன்குடாப் பக்கம் மேசன் வேலை. வேலை உள்ள நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு இந்த இரும்புத் தட்டில்தான் வேகிறது.

அவளுடைய கடைக்கு முதல் நாள் போனபோது நான் எல்லாரும் செய்கிறதைத்தான் செய்தேன். கத்தினேன்.

"ரெண்டு ரொட்டி! கட்டைச் சம்பல் கூடப் போடு பிள்ளை!"

பஸ் டிரைவர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் வெற்றிலைக் கடை போட்டிருக்கிற ஆயிசா உம்மா பாக்கு வெட்டியைக் கீழே வைத்தார்.

"என்னய்யா, மூதூர் வரைக்கும் கேட்டிரிக்கும். இந்தப் புள்ளைக்கு மட்டும்தான் கேக்கல்ல."

யோகா சிரித்தாள். அன்றைக்கே எனக்கு ஒரு பேரும் வைத்தாள். வாயை 'ஆ' என்று பெரிதாகத் திறந்து மூடுவாள். அதுதான் நான். இன்றைக்கும் அவளுடைய பிள்ளைகளுக்கு என் பேர் அதுதான்.

எனக்கு ரோஷம் வந்தது. கையைத் தூக்கிக் கப்பலில் காட்டுகிற மாதிரியே காட்டினேன். இரண்டு விரல், இரண்டு ரொட்டி. விரலைச் சுற்றினேன், ரொட்டி மேல் மிளகாய்ச் சம்பல் ஏறிக்கொண்டே போனது. முட்டியை மடக்கினேன், கரண்டி அந்தரத்தில் நின்றது. நூகு நானாவுக்குப் பிறகு என் கைக்கு இப்படிக் கட்டுப்பட்ட ஆள் வேறு இல்லை.

அதிலிருந்து தினமும் காலையில் அங்கே போய்க் குந்துவேன். அவளோடு கதைக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று எனக்குப் பெரிய பெருமை. உண்மை என்னவென்றால் நான் காட்டினேன், அவள் ரொட்டி தந்தாள். அதைத்தான் கதைப்பது என்று நினைத்திருந்தேன்.

பாவம், பாவம்

பிறகு ரோட்டை அகலமாக்கினார்கள். கடைகளை எல்லாம் புது வரிசையில் வைக்க வேண்டும் என்று சங்கம் சொன்னது. சங்கத் தலைவர் தங்கராசா கெட்ட மனிதர் அல்ல. ஆனால் முடக்கு இடத்தை யோகாவுக்குக் கொடுக்க ஏலாது, வேண்டுமென்றால் மதிலுக்குப் பின்னால் மரத்தடியைப் பார்ப்போம் என்று நின்றார்.

"அந்தப் பிள்ளைக்கு பஸ்ஸின்ர ஹோர்ன் கேக்காது. நாளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

முடக்குப் போனால் யோகாவின் வியாபாரம் போனது. பஸ்ஸால் இறங்குகிறவர்கள் முதலில் கால் வைப்பது அங்கேதான். மதிலுக்குப் பின்னால் கக்கூசுக்குப் போகிறவர்கள் மட்டும்தான் போவார்கள். அவசரமாகப் போகிறவன் ரொட்டி வாங்குவானா? இதெல்லாம் எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கூட்டத்துக்கு முதல் நாள் யோகா ஒரு கடதாசியை மடித்து என் கையில் தந்தாள். கூட்டத்தில் வாசிக்கச் சொன்னாள். நான் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டிப் பைக்குள் வைத்தேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கு வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடப் பக்கம் நான் போனது மாங்காய் பறிக்கத்தான். சலூனில் பேப்பரை அரை மணித்தியாலம் பிடித்துக்கொண்டிருப்பேன். படத்தில் உள்ளவர்களின் தலை மேலே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். இடைக்கிடை "ச்சா" என்று சொல்வேன். யாரும் சந்தேகப்பட்டதில்லை.

கூட்டத்தில் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. உள்ளே என்ன பெரிதாக இருக்கப் போகிறது, எங்கேயாவது ஓர் இடம் தாருங்கோ என்று கேட்டிருப்பாள், அதை நானே சொன்னால் போச்சு என்று எழும்பினேன்.

நன்றாகத்தான் பேசினேன். பாவம் என்ற சொல்லை எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூரத்தில் கடை போட்டிருக்கிறவர்கள் "ஓம், பாவம்தான்" என்றார்கள். மதிலுக்குப் பின்னால் நிழலான இடம், வாடகை இல்லை என்று முடிவானது. கை தட்டினார்கள். நான் கப்பல் கப்டன் மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

நானா வாசித்தது

அடுத்த நாள் காலைதான் நான் முதலில் சொன்ன அந்த மாவுருண்டை.

யோகா என் பையிலிருந்து கடதாசியை எடுத்தாள். அவள் மடித்துத் தந்தபடியே இருந்தது. அதைப் பார்த்தவுடன் அவளுடைய இரண்டு கைகளும் கிளம்பின. அப்படி வேகமான கைகளை நான் எந்தக் கப்பலிலும் பார்த்ததில்லை. ஒன்றும் விளங்கவில்லை. பழக்க தோஷம், முட்டியை மடக்கித் தூக்கினேன். நில்!

அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து கிண்ணியா பஸ்ஸால் நூகு நானா இறங்கினார். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வருவார், வந்தால் என்னோடு ஒரு ரொட்டி சாப்பிடாமல் போக மாட்டார். சற்று நேரம் நின்று பார்த்தார்.

"செல்லையா, சும்மா நில்லு. அவ கதைக்கிறா."

"என்ன சொல்லுறாள் எண்டே விளங்கேல்லை, நானா."

"எப்பிடி வெளங்கும்? இருவது வருசமா நீ காட்டினாய், நான் பாத்தன். நீ எப்ப ஒரு கையப் பாத்தாய்?"

கடதாசியை வாங்கினார். "இத வாசிச்சயா?"

"கண்ணாடி கொண்டு போகேல்லை."

"ஒனக்குக் கண்ணாடியே இல்லையே!"

ஆயிசா உம்மாவின் பாக்கு வெட்டி மறுபடியும் நின்றது. நானா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் சத்தமாக வாசித்தார்.

'தலைவர் அவர்களுக்கு, எனக்கு முடக்கு இடமே வேண்டும். லைட் கம்பம் அங்கேதான் இருக்கிறது. வெளிச்சம் இருந்தால் ஆட்களின் வாயும் கையும் எனக்குத் தெரியும். அவர்கள் கேட்பதைக் கொடுப்பேன். மதிலுக்குப் பின்னால் மர நிழலில் விடியற்காலையில் ஒன்றும் தெரியாது. முடக்கில் நான் ரொட்டிக்காரி. அங்கே போனால்தான் செவிடு.'

பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அந்த நிழலைத்தான் நான் கெஞ்சி வாங்கிக் கொடுத்திருந்தேன்.

யோகாவிடம் கடதாசியைக் காட்டினேன், என் கண்ணைக் காட்டினேன், கையை விரித்தேன். வாசிக்கத் தெரியாது பிள்ளை. என் வாழ்க்கையில் நான் அதை ஒருவருக்குச் சொன்னது அதுதான் முதல் தரம். கையால் சொன்னது கொஞ்சம் லேசாக இருந்தது.

கோபம் அவளுக்குத் தணியவில்லை. ஆனால் ஏதோ ஞாபகம் வந்தது. இரண்டு கையாலும் ஒரு பேப்பரைப் பிடித்தாள், கண்ணைச் சுருக்கினாள், பக்கத்தைப் புரட்டினாள், தலையை ஆட்டி "ச்சா" என்கிற மாதிரி வாயை அசைத்தாள். அசல் நான்தான். சலூன் ஜன்னல் அவளுடைய கடைக்கு நேரே இருப்பதை நான் யோசித்ததே இல்லை. ஆயிசா உம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலைத் தட்டு சரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவள் மெதுவாகக் காட்டியதை, கை பார்த்தே பழகிய நானா சொன்னார்: "நீங்க கதைச்சுக் கெடுத்தத நீங்கதான் கதைச்சுத் திருத்தோணுமாம். அவவும் வருவாவாம். அவட கை, ஒன்ட வாய்."

அடுத்த கூட்டத்துக்கு ஆறு நாள் இருந்தது. ஆறு காலையும் சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருந்து அவளுடைய கையைப் பார்த்தேன். நானாவும் இரண்டு நாள் கூடுதலாக வந்தார். டொக்டர் வரச் சொன்னவராம். எந்த டொக்டர் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஆறு நாளில் நான் படித்ததில் முக்கியமானது புருவம். அவள் புருவத்தைத் தூக்கினால் அது கேள்வி. இத்தனை நாளும் கையை மட்டும் பார்த்து, அவள் கேட்டதை எல்லாம் சொன்னதாக எடுத்திருக்கிறேன். "இண்டைக்கு வீட்டில சாப்பிடேல்லையோ?" என்று எத்தனை நாள் கேட்டிருக்கிறாள். நான் "ஓம், ஓம்" என்று தலையாட்டி மூன்றாவது ரொட்டியையும் சாப்பிட்டிருக்கிறேன்.

சொன்னது சொன்னபடி

கூட்டம் தகரக் கொட்டிலில். யோகா நேரே போய் லைட்டின் கீழ் நின்றாள். நான் பக்கத்தில். நூகு நானா முன் வரிசையில் கதிரை போட்டு இருந்தார். நான் ஒரு சொல் கூட்டினாலும் குறைத்தாலும் முட்டியைத் தூக்குவது என்று பேச்சு.

யோகா தொடங்கினாள். நான் சொன்னேன்.

"இந்தப் பெரியவர், அதாவது நான், போன முறை இவளின்ர கடிதத்தைப் பைக்குள்ள வச்சுக்கொண்டு தன்ர கதையைச் சொன்னவர். வயசு போனதாலை..."

முட்டி எழும்பியது. கொட்டில் சிரித்தது.

"வயசு போனதாலை இல்லை," என்றேன். "வாசிக்கத் தெரியாததாலை."

சிரிப்பு நின்றது. பின்னால் இளநீர் விற்கிற மனிதர், "எனக்கும் தெரியாது அண்ணை, அதுக்கென்ன" என்றார். அவரை நான் அதுவரைக்கும் இளநீர்க்காரராக மட்டும் பார்த்திருந்தேன்.

யோகா தொடர்ந்தாள். வெளிச்சத்தைச் சொன்னாள். தலைவர் ஹோர்ன் கதையை எடுத்தார். அவள் சிரித்துக்கொண்டு கையை வீசினாள்.

"நீங்கள் எல்லாரும் ஹோர்ன் கேட்டுத்தான் திரும்புறியள். நான் பஸ் அங்கால ரோட்டில வரேக்கையே பாத்திடுவன். உங்களுக்குக் கேக்கிற நேரம் நான் தட்டை உள்ளுக்கு இழுத்திட்டு நிப்பன்."

"உண்மதான் தலைவர்," என்று ஆயிசா உம்மா எழும்பினார். "பஸ் வருதெண்டு எனக்குக் காட்டுறதே இவதான். நான் வாய் பாத்துக்கிட்டு இரிப்பன்."

"அப்ப ஏன் உம்மா போன கூட்டத்தில சொல்லேல்லை?"

"ஆரு என்னக் கேட்ட? இந்த ஐயா பாவம் பாவம் எண்டு எல்லாரையும் அழவச்சுப்போட்டாரே!"

நான் வாயே திறக்காமல் நானாவின் முட்டி எழும்பியது.

கை உயர்த்தி முடிவெடுப்போம் என்றார் தலைவர். யோகாவுக்குப் பக்கத்தில் கடை போட்டிருக்கிறவர்களின் கைகள் உடனே எழும்பின. வெற்றிலை, இளநீர், கச்சான் கடலை, பஞ்சர் ஒட்டுகிற ஆள். பாவம் என்று கண் கலங்கினார்களே தூரத்துக் கடைக்காரர்கள், அவர்களுடைய கைகள் மடியில் கிடந்தன. "வெயிலுக்க நிக்கப் போகுதே பிள்ளை" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். அவர் அவளிடம் ஒரு நாளும் ரொட்டி வாங்கியதில்லை. நான் குற்றம் சொல்லவில்லை. ஆறு நாளைக்கு முன்னால் நானும் அந்தப் பக்கத்து ஆள்தான்.

எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சரிசமம். கடைசியில் தலைவரின் கை எழும்பியது. யாருடைய கை அது என்று அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சரி பிள்ளை, முடக்கு உனக்குத்தான்," என்றார்.

நான் யோகாவைப் பார்த்தேன். நன்றி சொல்லுவாள், நல்ல தமிழில் சொல்ல வேண்டும் என்று தயாராக நின்றேன். அவள் புருவத்தைத் தூக்கினாள்.

"எத்தனை அடி எண்டு கேக்கிறாள்."

"எல்லாருக்கும் போல ஆறு," என்றார் தலைவர்.

அவள் ஏழு விரல் காட்டினாள்.

"ஏழு என்னத்துக்கு? மற்ற ஆக்கள் ஆறடிக்குள்ளதானே நிக்கினம்?"

யோகா என் பக்கம் கையை நீட்டினாள். வாயை 'ஆ' என்று திறந்து மூடினாள். பிறகு உள்ளங்கையால், தன் பக்கத்தில் யாரையோ இருத்துகிற மாதிரி, காற்றில் இரண்டு தரம் மெதுவாகத் தட்டினாள்.

எனக்கு விளங்கியது. யாரும் சொல்லித் தராமல் முழுவதும் விளங்கியது. சொல்ல வாயைத் திறந்தேன். மூதூர் வரைக்கும் கேட்கிற வாய், காற்று மட்டும்தான் வந்தது.

நூகு நானாதான் கதிரையில் இருந்தபடியே சொன்னார்.

"இந்தக் கெழவன் வந்து குந்துறதுக்கு ஒரு அடி வேணுமாம்."

தலைவர் தாடியைச் சொறிந்தார். சட்டம் சட்டம்தான் என்று ஆறரை தந்தார். அரை அடிக்குள் ஒரு மனிதன் வசதியாக இருக்கலாம். காலை மட்டும் கொஞ்சம் மடக்க வேண்டும்.